உன் வாப்பா வண்டியை நிறுத்திய நாள்

மகன், அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் உன் கையில் சேரும்போது நீ கொழும்பில் அந்த ஏஜென்சிக்காரனின் லொட்ஜில், மூட்டைப்பூச்சிக்கும் விசாவுக்கும் நடுவில் படுத்துக் கிடப்பாய். நானும் உன் வாப்பாவும் சுகம். அதை ஒரு வரியில் முடித்துவிட்டேன், ஏனென்றால் இது சுகம் விசாரிக்கிற கடிதம் அல்ல. நீ பயணம் சொல்லிப் புறப்பட்ட அன்று வீடு நிறைய ஆட்கள். சவூதியில் அம்புலன்ஸ் வேலையாம், உயிரைக் காப்பாற்றுகிற வேலையாம், மறுமையில் எவ்வளவு நன்மையாம். என் கையால் செய்த வட்டிலப்பத்தைத் தின்றபடி ஒவ்வொருவரும் உன்னைப் புகழ்ந்ததை நான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாய்களை எனக்குத் தெரியும். பாலர் வகுப்பில் அவற்றில் பாதிக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவளே நான்தான். சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாது என்று சில நாட்களில் தோன்றும்.

அதே வாய்கள் உன் வாப்பாவை விசரன், பைத்தியம் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. அது உனக்குத் தெரியாது, உன் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டோம். புயலில் உன் பள்ளிக்கூடத்தின் கூரை பறந்ததும் உன்னைக் கண்டியில் மாமா வீட்டில் படிக்க விட்டோம். வாப்பாவுக்குக் காய்ச்சல் என்று மட்டும் உனக்கு எழுதினோம். நீ பெருநாளுக்கு வந்தபோது அவர் முற்றத்தில் கட்டில் போட்டுப் படுப்பதைப் பார்த்து, "வாப்பா ஏன் வெளிய படுக்கார்?" என்று கேட்டாய். புழுக்கம் என்றேன். அது மார்கழி மாதம், நீ போர்வைக்குள் சுருண்டு கிடந்தாய். நான் சொன்னதை நம்பினாயா, நம்பியது போல நடித்தாயா என்று நான் கேட்கவில்லை. இப்போது நீயும் அதே வேலைக்குப் போகிறாய். இதைச் சொல்லாமல் உன்னை விமானம் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. லொட்ஜில் உன்னோடு கிடக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களுடைய உம்மாமாரும் வட்டிலப்பம்தான் செய்து அனுப்பியிருப்பார்கள்.

புயலுக்கு முன்பு உன் வாப்பா எப்படிப்பட்ட மனிதர் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். வாயை மூடாத ஆள். ஆஸ்பத்திரி அம்புலன்ஸைத் தன் சொந்த வண்டி போல வைத்திருந்தார். அதற்குள் யாரும் பீடி பற்றக் கூடாது, வெற்றிலை துப்பக் கூடாது. பிரசவ வலியில் கத்துகிற பெண்ணுக்குக்கூட முன்சீட்டிலிருந்து பகிடி சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று சிவலிங்கம் சொல்லுவார். சிவலிங்கம் மாமாவை உனக்குத் தெரியும். காரைதீவுக்காரர், வண்டியில் வாப்பாவோடு போகிற அட்டெண்டன், வாப்பாவைச் சொந்த அண்ணன் போலக் காக்கா என்று கூப்பிடுகிறவர். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தை ஒருவர் பிடித்தால் பின்பக்கத்தை மற்றவர் பிடிப்பார். இருவரும் அப்படி எத்தனையோ வருஷம் இந்தக் கரைவழியில் ஓடியவர்கள்.

புயல் அடித்து ஓய்ந்த காலையில் எங்கள் ஊரே வேறோர் ஊராகக் கிடந்தது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஆஸ்பத்திரிக்கே கூரை இல்லை. வாப்பாவும் சிவலிங்கமும் கோடரியும் கயிறும் வைத்துக்கொண்டு மரங்களை வெட்டி வெட்டி வண்டியை நகர்த்தினார்கள். ஒரு கிழமை, ஏழு நாளும், அவர் வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது அவருடைய சாரத்திலும் சேட்டிலும் இருந்தது யாருடைய இரத்தம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவருக்கு நேர்ந்த ஒன்றை மாத்திரம் இங்கே எழுதுகிறேன். இதை நான் அறிந்தது வெகு காலம் கழித்து. ஆனால் நீ கதையை ஒழுங்காக விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக இப்போதே சொல்கிறேன்.

நற்பிட்டிமுனைப் பக்கம் வயல்காரர் ஒருவருடைய நெல் வைக்கிற கல்வீடு ஒன்று இருந்தது. ஓலை வீட்டுக்காரர்கள் எல்லாம் காற்றுக்குப் பயந்து அதற்குள் ஒதுங்கியிருக்கிறார்கள். சுவர் அவர்கள் மேலேயே விழுந்துவிட்டது. வண்டி அங்கே போய்ச் சேர்ந்தபோது மூச்சிருந்தவர்களை வெளியே இழுத்து வைத்திருந்தார்கள். வண்டி கொள்ளாத ஆட்கள். குழந்தைகளையும், வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண்ணையும், தலை உடைந்த இரண்டு பேரையும் ஏற்றினார்கள். ஓரமாக வேலிக்கட்டையில் சாய்ந்து ஒரு கூலிக்காரர் இருந்தார். இடுப்புக்குக் கீழே நசுங்கியிருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்ததாம். வாப்பா அவரைப் பார்த்துவிட்டு வண்டியைப் பார்த்தார். அந்த மனிதர், "நான் இரிக்கன், நீங்க போயிற்று வாங்க" என்றார். ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போலச் சொன்னாராம். வாப்பா போய்விட்டுத் திரும்பி வந்தார். வழியில் மறுபடியும் ஒரு மரம் விழுந்திருந்தது, அதை வெட்ட வேண்டியிருந்தது. வந்து பார்த்தபோது அந்த மனிதர் அதே வேலிக்கட்டையில் அப்படியே இருந்தார். உயிர் இல்லை.

அவ்வளவுதான் நடந்தது. அதை வாப்பா யாரிடமும் சொல்லவில்லை. சிவலிங்கத்திடம்கூட, அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தவர், அவரிடம்கூட வாப்பா அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. சிவலிங்கமும் கதைக்கவில்லை. இரண்டு பேரும் ஆம்பிளைகள் அல்லவா.

பிறகு வந்தது பாராட்டு விழா. கூரை இல்லாத மண்டபத்தில் தறப்பாள் கட்டி நடத்தினார்கள். மேடையில் இருந்தவர்களில் ஒருவராவது புயல் ஓய்ந்த பிறகு வீட்டு வாசலைத் தாண்டியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஒருவர் எழும்பி, "எஃகு நெஞ்சம் படைத்தவர்கள்" என்றார். இன்னொருவர், "கல்லிலும் வலிய மனம்" என்றார். கல் விழுந்து செத்தவர்களைத் தூக்கி வந்த மனிதனிடம் கல்லைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவருக்கு அறிவு. உன் வாப்பாவுக்கு மாலை போட்டார்கள். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் தறப்பாள் அடித்துக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் உன் வாப்பாவின் தோள் உயர்ந்து இறங்கியது. மேடை நிறைய ஆட்கள் இருந்தும் அதை ஒருவரும் காணவில்லை. அவர்கள் படம் பிடிக்கிறவனின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டேன். அவர் ஓட்டுக் கூரைக்குக் கீழே படுப்பதை நிறுத்தினார். தென்னோலை ஒன்று விழுந்தால் வீட்டின் மறுபக்கத்திலிருந்து முற்றத்துக்கு ஓடிவருவார். கழுவிய வண்டியைத் திரும்பவும் கழுவுவார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே இருப்பார். தொழுகையில் ஸலாம் கொடுத்த பிறகும் எழும்பாமல் விரிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பகிடி சொல்வது நின்றுபோனது. "என்ன செய்யிது?" என்று கேட்டால், "ஒண்டுமில்ல" என்பார். அந்த 'ஒண்டுமில்ல' என்ற சொல்லை நான் வெறுக்கிறேன், மகன். இந்த ஊர் ஆம்பிளைகள் கடைசி மூச்சிலும் அதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு அதைப் பொறுமை என்று நினைத்துக்கொள்வார்கள். அது பொறுமை இல்லை, வெறும் சோம்பல். தன் மனதுக்குள் கையை விட்டுப் பார்க்க மாட்டாத சோம்பல்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டினார். வேலைக்கு ஒரு நாளும் பிந்தவில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவர் நன்றாக இருக்கிறார் என்று முடிவு செய்திருந்தார்கள். வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஓட்டுகிறவனுக்கும் ஏதாவது பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகுதான் அந்த நாள் வந்தது. நிந்தவூரைத் தாண்டி ஒரு பஸ்ஸும் நெல் லொறியும் மோதிக்கொண்டன. வாப்பாவும் சிவலிங்கமும் போனார்கள். காயப்பட்டவர்களை ஏற்றினார்கள். வண்டி நிரம்பிவிட்டது. கதவை அடிக்கப் போகிற நேரத்தில், வீதியோரம் கால் உடைந்து கிடந்த ஒரு இளம் பிள்ளை கையை ஆட்டி, "எனக்குப் பரவாயில்ல காக்கா, நீங்க போங்க, நான் இரிக்கன்" என்றான். நல்ல பிள்ளை. மரியாதையாகச் சொன்னான். உன் வாப்பா வண்டியிலிருந்து சாவியை உருவினார். இறங்கிப் போய் அந்தப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"காக்கா, எழும்புங்க, உள்ளுக்கு ஆக்கள் கிடக்காங்க" என்று சிவலிங்கம் கெஞ்சினார்.

"இவன உட்டுட்டு வரமாட்டன்."

"இடம் இல்ல காக்கா. மறுகா வந்து எடுப்பம்."

"மறுகா வந்தா இருக்கமாட்டான்."

வாப்பா அவனை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிள்ளையையும் விடவில்லை, சாவியையும் விடவில்லை. வண்டிக்குள் இருந்தவர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்த்த கூட்டம், அதுவரை ஒருத்தனுக்கும் ஒரு கை தண்ணீர் கொடுக்காத கூட்டம், இப்போது வீரம் வந்து உன் வாப்பாவை அடித்தது. கன்னத்தில் அடித்தார்கள், முதுகில் உதைத்தார்கள். சிவலிங்கம் அவருக்கு மேலே குனிந்து பாதி அடியைத் தான் வாங்கினார். கடைசியில் வழியால் வந்த வேறொரு லொறியை மறித்து அந்தப் பிள்ளையையும் வாப்பாவையும் அதில் ஏற்றினார்கள். லொறியின் கிளீனர், டிரைவிங் லைசன் எடுத்தவன், அவன் வாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சாவியை எடுத்து அம்புலன்ஸை ஓட்டி வந்தான். அல்லாஹ்வின் கிருபையால் அன்றைக்கு ஒருவரும் மௌத்தாகவில்லை. கால் உடைந்தவன் இப்போது கல்முனைச் சந்தையில் பழம் விற்கிறான். ஆனால் அஸர் தொழுகைக்குள் டிரைவருக்கு விசர் பிடித்த கதை பொத்துவில் வரை போய்விட்டது.

வேலையை நிறுத்தி வைத்தார்கள். அப்போது ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர், வெளியூர்க்காரர், அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நித்திரைக் குளிசை கொடுத்து, "டிரைவர்மார் பயப்பட்டா நாங்க என்ன செய்யிறது?" என்று கேட்டாராம். பயம் என்பதற்கு மேல் ஒரு சொல் அவர் படித்த புத்தகங்களில் இருக்கவில்லை போலும். பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார் ஒருவர் வீட்டுக்கு வந்து, இது ஈமான் பலவீனத்தால், நம்பிக்கைக் குறைவால், வருகிற வருத்தம், ஒரு நோய் என்று விளக்கினார். அவர் என்னோடு ஒரே வகுப்பில் படித்து, எட்டாம் வாய்ப்பாடு வராமல் அழுதவர். "அவர் அஞ்சு நேரமும் தொழுகிறவர், நீங்க வெள்ளிக்கிழமை மட்டும் அத்தர் பூசிக்கொண்டு போறவங்க. யாருக்குப் பலவீனம் எண்டு எனக்கு விளங்கல்ல" என்றேன். அதன் பிறகு என் வாசல் பக்கம் அவர் வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

ஆனால் எல்லோரையும் விட மோசம் உன் மாமிதான், வாப்பா தாத்தா என்று கூப்பிடுகிற அவருடைய மூத்த அக்கா. புயலில் செத்தவர்களின் ரூஹு தன் தம்பியைப் பிடித்திருக்கிறது என்று அவர் தீர்மானித்து, பேய் ஓட்டுகிற ஒரு பரிசாரியைக் கூட்டி வந்தார். அந்த ஆள் கறுப்புத் தொப்பியும் பிரம்புமாக வந்து இறங்கினான். முற்றத்தில் நெருப்புச் சட்டி வைத்து, சாம்பிராணியும் மிளகாயும் போட்டு, வாப்பாவை அதற்கு முன்னால் குனிய வைத்தான். உன் வாப்பா குனிந்தார். யார் எதைச் சொன்னாலும் கேட்கிற நிலையில் இருந்தார் அவர். புகைக்குள் இருமிக்கொண்டிருந்தவரின் முதுகில் பிரம்பு விழுந்த சத்தம் கேட்டுத்தான் நான் பள்ளிக்கூடத்தால் வந்த உடுப்போடு உள்ளே ஓடினேன்.

"நிப்பாட்டு" என்றேன்.

"ரீச்சர், இப்ப நிப்பாட்டினா சாமான் இறங்காது" என்றான் பரிசாரி.

"சாமான் நீதான். நீ முதல்ல இறங்கு, என்ட முற்றத்தால."

உன் மாமி இடையில் வந்தார். "மதினி, அவன் என்ட தம்பி. நல்லதுக்குத்தான் செய்யிறம்."

"தம்பி உங்கட. வீடு என்ட. எங்கட உம்மா வாப்பா எனக்குத் தந்த வீட்டுக்க என்ட மனிசனுக்கு அடிக்க ஒருத்தருக்கும் உரிமை இல்ல."

நெருப்புச் சட்டியைக் காலால் தட்டிவிட்டேன். மாமி அழுதபடி போனார், பரிசாரி நடந்த அலுப்புக்காவது ஏதாவது தரச் சொல்லி வாசலில் நின்றான், நான் கதவைச் சாத்தினேன். அந்த ஆளிடம் எனக்குக் கோபம்கூட இல்லை, அவனுக்கு அது பிழைப்பு. என்னால் பொறுக்க முடியாதது இந்த ஊரின் மூளை. கிணற்றடியில் பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். பிணங்களோடு ஒரு கிழமை வாழ்ந்த மனிதன் நித்திரை இல்லாமல் தவித்தால் அது மாத்திரம் பேயின் வேலை.

மறுநாள் பின்னேரம் சிவலிங்கம் வந்தார். கூட்டத்திடம் வாங்கிய அடியில் கண்ணின் கீழ் இன்னும் வீங்கியிருந்தது. அவரிடம் சாராய வாடை அடித்தது. அவர் குடிக்கிறவர் அல்ல என்று நினைத்திருந்ததால் எனக்கு எரிச்சல் வந்தது. வாப்பா முற்றத்துக் கட்டிலில் இருந்தார். சிவலிங்கம் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி கொண்டு போனேன். அவர் கோப்பையைக் கையில் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வாப்பாவைப் பார்க்காமலே சொன்னார்.

"காக்கா, அந்தாள்ட குரல் எனக்கும் கேக்குது."

சிவலிங்கம் முற்றத்து மண்ணைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"நான் இரிக்கன் எண்டு சொன்ன ஆள். வேலிக்கட்டையில இருந்த ஆள். அதுக்காகத்தான் நான் குடிக்கிறன். குடிச்சாலும் கேக்குது."

உன் வாப்பா மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தனக்கு மட்டும்தான் அது என்று ஒரு வருஷத்துக்கு மேல் நினைத்திருந்த மனிதர். "உனக்குமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அழுதார். சிவலிங்கமும் அழுதார். நான் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. போகவேண்டும் என்று தோன்றியது, போகவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து முழுக் கதையையும் அன்றுதான் கேட்டேன்.

அதன் பிறகு சிவலிங்கம் அடிக்கடி வந்தார். இரண்டு பேரும் அந்த நாளைத் திரும்பத் திரும்பக் கதைத்தார்கள். எந்த வழியால் போனது, எந்த மரத்தை வெட்டியது, யாரை முதலில் தூக்கியது. இருவருடைய ஞாபகமும் ஒத்துவரவில்லை, சண்டை பிடித்தார்கள். அந்தப் பெண்ணை ஏற்றச் சொன்னது தான்தான் என்று வாப்பா சொன்னார். இல்லை, வாப்பா வாய் திறக்கு முன்பே தான் அவளைத் தூக்கிவிட்டதாகச் சிவலிங்கம் சொன்னார். ஒரு நாள் சிவலிங்கம், "அந்தாள ஏத்தியிருந்தாலும் வழியிலயே முடிஞ்சிருப்பார் காக்கா" என்றார். வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாததச் சொல்லி என்ட மனச ஆத்தாத" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்ததைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் வாப்பாவே சொன்னார், அந்த மனிதரின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று. மூன்று பேரும் போனோம். அவருடைய மனைவி அரைகுறையாகக் கட்டிய குடிசைக்கு முன்னால் உட்கார்ந்து, கூரைக்குத் தென்னோலைக் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். வாப்பா நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் அழுவார், அல்லது ஏசுவார், அல்லது மன்னித்தேன் என்று சொல்வார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். மூன்றும் நடக்கவில்லை. அவர் கிடுகைக் கீழே போட்டார்.

"நான் இரிக்கன், நீங்க போங்க எண்டா சொன்னவர்?"

"ஓம்."

"அப்பிடித்தான் சொல்லுவார். சங்கக்கடை வரிசையிலயும் அதுதான், கிணத்தடியிலயும் அதுதான். எல்லாரையும் முன்னுக்கு உட்டுட்டுக் கடைசியா வெறும் பையோட வீட்டுக்கு வருவார். அதால அவரோட நான் பிடிக்காத சண்ட இல்ல." கிடுகைத் திரும்பவும் கையில் எடுத்தார். "சாகக்குள்ளயும் அந்தப் புத்தி போகல்ல அந்த மனிசனுக்கு" என்றார். அதில் இருந்த கோபத்தைப் போல ஒரு பாசத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பிறகு எங்கள் மூவரையும் மேலும் கீழும் பார்த்து, "வந்ததுதான் வந்தீங்க, அந்தக் கூரை வளைமரத்த ஒருக்காப் பிடிங்க" என்றார். வாப்பாவும் சிவலிங்கமும் பொழுதுபடும் வரை அந்தக் கூரைக்கு ஓலை கட்டினார்கள். வாப்பா தானாக ஒரு கூரையின் கீழே நின்று வேலை செய்ததை நான் கிடுகு எடுத்துக் கொடுத்தபடி பார்த்தேன். திரும்பி வரும் வழியில் அவர் சொன்னார், "அவர் என்னப் பார்த்துச் சொன்னதெண்டு நினச்சிருந்தன். அவர் எல்லாருக்கும் சொல்லுறவராம்."

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நானும் மேடைப் பேச்சாளர் ஆகிவிடுவேன். சரியாகவில்லை. குறைந்தது. வேலைக்குத் திரும்ப விடமாட்டோம் என்றார்கள். நான் அந்த டொக்டரிடம் போனேன். நேராக அம்புலன்ஸைக் கொடுக்க வேண்டாம், ஊசி மருந்து கொண்டு கிராமங்களுக்குப் போகிற கிளினிக் வண்டியைக் கொஞ்சக் காலம் ஓட்டக் கொடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றேன். அப்படி ஒரு ஒழுங்கு இல்லை என்றார். கால் முறிந்த டிரைவருக்கு லீவு கொடுக்க ஒழுங்கு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். மனம் முறிந்தவருக்கு இல்லையா என்றேன். அவர் சிரித்தார். பெண்பிள்ளை ஏதோ பாட்டுப் படிக்கிறாள் என்கிற சிரிப்பு. அப்போது வாசலில் நின்ற சிவலிங்கம் உள்ளே வந்து, "எனக்கும் அதே வருத்தம்தான் சேர். காக்காவை எடுக்காட்டி நானும் வண்டியில ஏறமாட்டன்" என்றார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். அந்தச் சொல்லுக்காக வேலை போயிருந்தால் அவர் தெருவில் நின்றிருப்பார். டொக்டரின் சிரிப்பு போயிற்று. வருத்தத்தை அல்ல, ஆள் பற்றாக்குறையை நினைத்து. காரணம் எதுவாயிருந்தால் என்ன, கிளினிக் வண்டி கிடைத்தது. பிறகு வாப்பா தானாகவே கேட்டு அம்புலன்ஸுக்குத் திரும்பினார், பென்ஷன் வரை ஓட்டினார். ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கும் பிறகு அவரும் சிவலிங்கமும் வண்டியைக் கழுவியபடி அதை முதலிலிருந்து கடைசி வரை கதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். இரண்டு கிழட்டு ஆம்பிளைகளின் வம்பு என்று ஆஸ்பத்திரியில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் பின்னால் தூக்குக் கயிறு வரை போய் மீண்டார். அவரைக் கூட்டி வந்து அந்த வம்பில் உட்கார வைத்ததும் அந்தக் கிழட்டு ஆம்பிளைகள்தான். காற்று பலமாக அடித்தால் உன் வாப்பா இன்றும் கட்டிலை வெளியே எடுப்பார். நான் பாயை எடுத்துக்கொண்டு பின்னால் போவேன். ஊர் என்ன சொல்கிறது என்று நாங்கள் கேட்பதில்லை.

ஆகவே மகன், உன்னைப் புகழ்கிறவர்களிடம் ஒன்றையும் நம்பிக் கொடுக்காதே. அவர்களுக்கு நீ தேவையில்லை, புகழ்வதற்கு ஒரு ஆள்தான் தேவை. அங்கே உன்னோடு ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடிக்கிறவன் யாராக இருந்தாலும், மலையாளியோ பாகிஸ்தானியோ, அவனோடு கதை. பாஷை வராவிட்டால் கையால் கதை. பார்த்ததை அன்றைக்கே சொல். எனக்கு எழுதும்போது 'நலம்' என்று ஒரு சொல்லில் முடித்து அனுப்பினால் சிவப்பு மையால் பிழை போட்டுத் திருப்பி அனுப்புவேன். உன்னால் முடியாத நாள் வந்தால் முடியவில்லை என்று சொல்லிவிட்டு விமானம் ஏறு. ஏஜென்சிக்காரன் கத்துவான். கத்தட்டும்.

இன்னும் ஒன்று. நேற்றுப் பின்னேரம் உன் வருங்கால மாமனார் வந்தார். மகளுக்குச் சீதனமாக உங்களுக்குக் கட்டுகிற வீட்டுக்கு நிலை வைத்துவிட்டதாகச் சொன்னார். தேத்தண்ணி குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "குறை நினைக்கப்படாது. உங்கட மனிசனுக்கு முந்தி ஏதோ சுகமில்லாமப் போனதாமே. அது பரம்பரையா வாற வருத்தமா?" என்று கேட்டார். அந்த மனிதரை அந்த இடத்திலேயே எழுப்பி அனுப்ப எனக்கு வாய் துடித்தது. அதற்குள் உன் வாப்பா முற்றத்திலிருந்து உள்ளே வந்து, அவருக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பரம்பரை இல்ல" என்றார். "அந்த வேலையால வாற வருத்தம். எனக்கு வந்தது. ஊருக்கே தெரியும், நீங்க மெதுவாக் கேக்கத் தேவையில்ல. இவனுக்கும் வரலாம், வராமலும் போகலாம். வந்தா வேலைய உட்டுட்டு வீட்டுக்கு வா எண்டு அவனுக்கு எழுதப்போறம். அப்பிடி வந்தா அவன் உங்கட மகள்ட வீட்டுக்குத்தான் வருவான். கதவைத் திறந்து, ஒண்டும் கேக்காம ஒரு பாயப் போட்டுக் குடுக்க உங்களால ஏலுமெண்டா நிலைக்கு மேல கூரையப் போடுங்க. ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க."

அந்த மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இதுவரை பதில் வரவில்லை. நல்ல சம்பந்தம், முறியக் கூடாது என்று ஊரில் இரண்டு பேர் ஏற்கெனவே எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். முறிந்தால் முறியட்டும். உன் வாப்பா இத்தனை வருஷத்துக்குப் பிறகு தன் வருத்தத்தைத் தன் வாயால், நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வெளி ஆளிடம் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, பசிக்கிறது என்றார். நான் சோறு போட்டேன். முழுதும் சாப்பிட்டார்.